மார்கழியில் முருங்கைக்காய்

போன சனிக்கிழமை, பழனிசெட்டிபட்டி சூப்பர் மார்க்கெட்டில், துவரம்பருப்பு ரேக்குக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். பேரன் எடுக்கிற வயதில்!

யாரை உளவு பார்த்தேன்? செல்வியை. என் கொழுந்தன் மனைவி. பக்கத்துத் தெருவில்தான் குடியிருக்கிறாள். என்னைவிடச் சின்னவள், என் வீட்டைவிட வருமானமும் குறைவு... ஆனால் அவள் வீட்டுச் சமையல் மட்டும் தெருமுனை வரை மணக்கிறதே, எப்படி? எனக்கு வயிற்றெரிச்சல்தான். உங்களிடம் மறைப்பானேன்?

சென்னையிலிருந்து எங்கள் நாத்தனார் வந்திருக்கிறார். முதல் விருந்து செல்வி வீட்டில். மொச்சைக் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், கடைசியில் ஒரு கிண்ணம் பன்னீர் திராட்சை. அவ்வளவுதான். "ஏ செல்வி, ஒன் கைக்குத் தங்க வளையல் போடணும்டி" என்று நாத்தனார் உருகிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நானும்தான் சமைத்துப் போடுகிறேன். எனக்கு ஒரு கண்ணாடி வளையல்கூட யாரும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் முறை. விடுவேனா? "முருங்கைக்காய் சாம்பார், மாங்காய்ப் பச்சடி வைக்கிறேன் மதினி" என்று போனிலேயே அறிவித்துவிட்டேன். மார்கழி மாதத்தில்!

கடையில் முருங்கைக்காயை பிளாஸ்டிக்கில் சுற்றி ஏசிக்குள் படுக்க வைத்திருந்தார்கள். விலையைப் பார்த்ததும் கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. மாங்காய்க்கோ வலைச் சட்டை வேறு. அந்த நேரம் பார்த்து செல்வி உள்ளே வந்தாள். நான் ரேக்குக்குப் பின்னால் போனேன்.

அவள் எதையும் எடுக்கவில்லை. ஒரு சுற்று சுற்றிவிட்டு, எடை போடும் பெண்ணிடம் கேட்டாள்: "இன்னைக்கு எதும்மா குமிஞ்சு கெடக்கு?"

"மொச்சையும் சக்கரவள்ளியும்க்கா. காலையிலதான் வந்து எறங்குச்சு."

இரண்டையும் அள்ளிப் போட்டுக்கொண்டாள். அட, இவ்வளவுதானா?

நாமெல்லாம் என்ன செய்கிறோம்? குழம்பை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கடையில் போய்க் காயைத் தேடுகிறோம். அவள் காயைப் பார்த்த பிறகு குழம்பை முடிவு செய்கிறாள். அந்தந்த மாதத்தில் விளைவது விலையும் குறைவு, ருசியும் அதிகம் — கம்பம் பக்கத்தில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் எங்கள் ஊரில் ஒரு வியாதி உண்டு. சுற்றிலும் விளைவதை விருந்தாளிக்கு வைத்தால் கௌரவக் குறைச்சல்! திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வீட்டைக் கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கு கிவி நறுக்கி வைப்போம்.

"அக்கா... இங்கன ஒளிஞ்சு என்ன பண்றீக?"

செல்வியேதான்! "பருப்பு பாக்குறேன்" என்றேன்.

மெனுவை மாற்றினால் இவளிடம் தோற்ற மாதிரி ஆகிவிடாதா? அவள் பார்க்கப் பார்க்கவே முருங்கைக்காயை எடுத்துக் கூடையில் போட்டேன். மாங்காயையும்தான்.

"மார்கழியில முருங்கையாக்கா? நாரால்ல இருக்கும். மொச்சை நல்லாருக்கு, பாருங்க."

"எனக்குத் தெரியும்" என்றேன் வெடுக்கென்று.

ஞாயிறு மதியம். நாத்தனார் ஒரு முருங்கைத் துண்டை வாயில் வைத்தார். மென்றார்... மென்றுகொண்டே இருந்தார். "என்ன ஆத்தா, வெறகை வெட்டிப் போட்டியா?"

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பச்சடியும் தேறவில்லை, மாங்காயில் புளிப்பே இல்லை.

அப்போது, விருந்துக்கு வந்திருந்த செல்வி சமையலறையிலிருந்து ஒரு தூக்குச்சட்டியோடு வந்தாள். "மொச்சைக் குழம்பும் இருக்கு மதினி. அடுப்புல எடமில்லன்னு காலையில அக்கா எங்க வீட்டுல வந்து வச்சாக. எடுத்துட்டு வந்துட்டேன்."

பச்சைப் பொய்! முதல் நாள் என் கூடையைப் பார்த்தவள், நடக்கப்போவதைத் தெரிந்துகொண்டு சமைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். நானும் தூக்குச்சட்டியை வாங்கி நாத்தனார் பக்கம் நகர்த்தினேன்.

நாத்தனார் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடினார். "செல்வி, கோவிச்சுக்காத... அன்னைக்கு நீ வச்சதவிட இதுதான்டி தூக்கல்!"

"அக்கா கைப்பக்குவம் எனக்கு வருமா மதினி?" என்று சிரிக்கிறாள் செல்வி.

இத்தனை நாளாக அவள் குழம்பைப் பார்த்து மட்டும்தான் எரிந்துகொண்டிருந்தேன். இனிமேல் அவள் குணத்தைப் பார்த்தும் எரிய வேண்டும்... பாவி மக!