வலி இல்லை, நோவுதான்

சுகிர்தா சிஸ்டர் எந்தக் கட்டிலருகே போனாலும் முதலில் கால்விரல்களைப் பார்ப்பார். முகத்தை அப்புறம்தான் பார்ப்பார். பதினோரு வருடமாக அதே வார்டைக் கூட்டித் துடைக்கிறவள் என்பதால் எனக்கு இது தெரியும். போர்வை மூடியிருந்தால், அதைச் சரிசெய்வதுபோல நுனியை லேசாகத் தூக்குவார். விரல்கள் உள்பக்கம் மடங்கியிருந்தால் அந்தப் பெண்ணிடம் பேசும் குரல் தணிந்துவிடும். ஏன் என்று நான் கேட்டதில்லை.

எங்களுடையது நெடுஞ்சாலையை ஒட்டிய அரசு ஆஸ்பத்திரி. கம்பெனிகளில் ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண்களும், பெரியபாளையம் பக்கம் நெல் போடுகிற வீட்டுப் பெண்களும் பிரசவத்துக்கு இங்கேதான் வருவார்கள். சுகிர்தா சிஸ்டருக்கு ஊர் எளாவூர். அவருடைய அப்பா ஆசீர்வாதம் முதலில் கழனி வேலை செய்தவர், பிறகு இரும்புக் கம்பெனியில் லோடு ஏற்றினார். மகளை நர்சிங் படிக்கச் சென்னையில் ஹாஸ்டலில் சேர்த்தார். அங்கே மற்றப் பெண்கள் இவர் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்களாம். மூன்று வருடத்தில் ‘இன்னா’வை ‘என்ன’ ஆக்கிக்கொண்டு திரும்பி வந்ததாக ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார். நானும் சிரித்தேன்.

ஒரு லாரி டிரைவரின் மனைவிக்கு சிசேரியன் ஆகியிருந்தது. அவளுக்கு இருமல். இருமல் வரும்போதெல்லாம் பழைய புடவை ஒன்றை மடித்துத் தையல்மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு இருமினாள். சுகிர்தா சிஸ்டர் அவள் கால்விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். விரல்கள் மடங்கவில்லை.

இந்த முறை பாடப் புத்தகத்திலேயே உண்டாம். ஆனால் எங்கள் வார்டில் யாரும் செய்வதில்லை, அதற்குத் துணியும் கிடையாது. சிஸ்டர் போய் மேட்ரன் ஜெபா மேடத்திடம் கேட்டார்.

“உனக்குத் தோணுதுன்னு சொன்னா மேல இருக்கறவங்க துணி குடுப்பாங்களா? எத்தனை பேருக்கு நல்லா இருந்துது, எத்தனை பேருக்கு இல்லன்னு எழுதிக் காட்டு” என்றார் மேடம்.

வேறு யாராவதாக இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். இவர் மூன்று மாதம் அலைந்து அனுமதி வாங்கினார். ஒரு வாரம் சிசேரியன் ஆகிறவர்களுக்கு மடித்த துணி, அடுத்த வாரம் வருகிறவர்களுக்குத் துணி இல்லை. ஊசியும் மாத்திரையும் எல்லாருக்கும் வழக்கம்போல. ஒவ்வொருவரிடமும் விவரம் சொல்லி, சம்மதம் என்று கையெழுத்து வாங்கினார். ‘வேணாம்’ என்றவர்களை வற்புறுத்தவில்லை. காலையும் மாலையும் ஒரு தாளை வைத்துக்கொண்டு, “வலி இருக்கா? சைபர்ல இருந்து பத்துக்குள்ள எவ்வளவு?” என்று கேட்டுக் குறிப்பார். துணிகளை வேகவைத்து வெயிலில் காயப்போடுவது என் வேலை.

நாற்பது தாள் சேர்ந்தது. அதில் முப்பத்து மூன்றில் சைபர். துணி வைத்தவளுக்கும் சைபர், வைக்காதவளுக்கும் சைபர்.

“அப்ப துணிக்கு அவசியமே இல்லன்னு ஆகுது, மணிக்கா” என்றார் சிஸ்டர் என்னிடம். மணியம்மாள் என்ற என் பெயரை அவர் அப்படித்தான் சுருக்குவார். “ஆனா கால் வேற சொல்லுது. துணி இல்லாதவங்க இருமினா விரல் மடங்குது.”

அதற்குள் அந்தத் தாள்கள் பரசுராமன் டாக்டர் மேசைக்குப் போய்விட்டன. வயிறு கிழித்த மறுநாளே இவ்வளவு பேருக்கு வலி இல்லை என்றால், இரண்டாம் நாள் ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரை மட்டும் கொடுக்கலாமே என்றார் அவர். மாதக் கடைசிக் கூட்டத்தில் முடிவு செய்வதாகச் சொன்னார். அதற்கு ஒன்பது நாள் இருந்தது.

அந்த ஒன்பது நாளும் சிஸ்டர் சரியாகச் சாப்பிடவில்லை. தாய்மார்களுக்கு நல்லது செய்யப் போய், இருக்கிற ஊசியையும் பிடுங்கிவிட்டேனா என்று ஒருமுறை முணுமுணுத்தார்.

நாற்பது தாள் முடிந்தும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. அப்படி ஒரு நாள் காலை. ஆறாம் கட்டிலில், முந்தின நாள் சிசேரியன் ஆன நர்மதா என்ற பெண். பக்கத்தில் அவள் மாமியார் லட்சுமியம்மாள், ஃபிளாஸ்கைத் திறந்து பால் ஊற்றிக்கொண்டிருந்தார். நர்மதா புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு புரண்டு படுக்கப் பார்த்தாள்.

“வலி இருக்காம்மா?” என்றார் சிஸ்டர்.

“இல்ல சிஸ்டர்.”

“நிஜமா இல்லயா? வேணும்னா சொல்லு, டாக்டரக் கேட்டு இன்னொரு வலி ஊசி போடலாம்.”

லட்சுமியம்மாள் ஃபிளாஸ்கைக் கீழே வைத்தார். “இன்னாது, வலி ஊசியா? அதான் புள்ள பொறந்துடுச்சே சிஸ்டர். வயித்துல இன்னொன்னு விட்டுட்டீங்களா?”

வார்டே சிரித்தது. நர்மதாவும் சிரிக்கப் போய், தையலைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினாள். சிஸ்டரும் சிரித்துவிட்டு, தாளில் சைபர் போட்டார்.

நான் சிரிக்கவில்லை. பிரசவ அறையில் வலி வரவழைக்கப் போடுகிற ஊசியைத்தான் எங்கள் பக்கம் வலி ஊசி என்பார்கள். வலி எடுத்துவிட்டது என்றால் பிள்ளை வரப்போகிறது என்று அர்த்தம். அது இவர்களுக்குத் தெரியாதா, படித்தவர்கள் ஆயிற்றே என்று நினைத்தேன். ஏழாவதோடு நின்றவள் நான். நர்ஸிடம் போய் இதைச் சொல்வதா? அன்று சொல்லவில்லை. மறுநாளும் பினாயில் வாளியோடு அவர் மேசையை இரண்டுமுறை சுற்றிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பின்பக்கம் துணி காயப்போடும்போது அவரே வந்தார். எண்ணிக்கை சரியா என்று பார்க்க வந்தவர், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு துணியை உதறிக்கொண்டே சொன்னேன்.

“சிஸ்டர், வலின்னு கேட்டா இவங்க புள்ள வலின்னு நெனைச்சிக்கிறாங்க. அதான் இல்லன்றாங்க. ‘நோவுதா’ன்னு கேட்டுப் பாருங்க.”

சிஸ்டர் கயிற்றிலிருந்து கையை எடுத்தார்.

“எங்கம்மா நோவுதுன்னுதான் சொல்லும்” என்றார். பிறகு, “நானும்தான் சொல்லிக்கினு இருந்தேன். ஹாஸ்டல்ல உட்டுட்டேன்” என்றார். அவர் வாயில் ‘இருந்தேன்’க்கு முன்னால் ‘கினு’ வந்ததை அன்றுதான் முதலில் கேட்டேன்.

நேராக ஆறாம் கட்டிலுக்குப் போனார். நானும் துடைப்பத்தோடு பின்னால் போனேன்.

“நோவுதாம்மா?”

“ஐய, உயிர் போவுது சிஸ்டர். மூணு நாளா தூக்கமே இல்ல.”

“அப்ப வலி இல்லன்னு சொன்னியே?”

“வலி இல்லதான். வலி வந்ததாலதான ஆட்டோ வச்சி இட்டுனு வந்தாங்க. அது புள்ளயோட போயிடுச்சி. இது நோவு.” நர்மதா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “இது கூடவா தெரியாது?”

சிஸ்டர் அவளுடைய போர்வை நுனியை இறக்கிவிட்டார். கால்விரல்களைப் பார்க்க வேண்டிய தேவை அன்று இல்லை. டாக்டரைக் கேட்டு அவளுக்கு ஊசி போட்டபிறகுதான் மேட்ரன் அறைக்குப் போனார். வாசலில் துடைத்துக்கொண்டிருந்த எனக்குப் பேச்சு கேட்டது.

“அவ்ளோதானே? நாப்பது தாள்லயும் திருத்திடு” என்றார் ஜெபா மேடம். “துணி வச்சவங்களுக்கு மூணு, வைக்காதவங்களுக்கு ஏழு. நீ கண்ணால பாத்ததுதானே, பொய் இல்லயே.”

“நான் பாத்தது வேற மேடம், அவங்க சொன்னது வேற. கேக்காதத எப்படி எழுதறது?”

“மறுபடி ஆரம்பிச்சா இன்னும் அஞ்சு மாசம் ஆகும்டி.”

“ஆவட்டும் மேடம்.”

அதன்பிறகு டாக்டர் அறை. அங்கே நான் போகவில்லை. திரும்பி வந்து என்ன நடந்தது என்று அவரே சொன்னார். தன் தாளில் கேள்வியே தப்பு, அதை வைத்து ஊசியை நிறுத்த வேண்டாம் என்று சொன்னாராம். “உங்களை நம்பித்தானே சிஸ்டர் அந்த நம்பரையெல்லாம் பாத்தேன்” என்றாராம் டாக்டர். “அதனாலதான் சார் நானே வந்திருக்கேன்” என்றாராம் இவர். கூட்டத்தில் ஊசி விஷயம் தள்ளிவைக்கப்பட்டது. புது எண்ணிக்கை வரும்வரை பழையபடியே நடக்கட்டும் என்றார்கள்.

மாற்றிய கேள்விக்கு மறுபடியும் அனுமதி வாங்க ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் அவர் சும்மா இருக்கவில்லை. வார்டில் படுத்திருந்தவர்களிடம் போய், தையல் எப்படி இருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொன்னார். நோவுது, கடுக்குது, சுருக்குங்குது, இழுக்குது என்று நோட்டில் எழுதிக்கொண்டார். ஆந்திரா எல்லைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தெலுங்கில் என்ன சொல் என்றும் கேட்டு எழுதினார். பிறகு அறுபது பேர், முதலிலிருந்து. சிசேரியன் இல்லாத வாரம் உண்டு; சம்மதம் சொன்னவர்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்ட நாளும் உண்டு. லீவு நாளில்கூட எளாவூரிலிருந்து பஸ் ஏறி வந்து கேட்டுவிட்டுப் போவார்.

வந்த முடிவு அவர் நினைத்த அளவுக்குப் பெரியதாக இல்லை. இருமும்போதும் எழுந்து உட்காரும்போதும் துணி வைத்தவர்களுக்கு நோவு குறைவு. சும்மா படுத்திருக்கும்போது வித்தியாசமே இல்லை. இரண்டையும் அப்படியே எழுதினார். வீணாய்ப்போன முதல் நாற்பது தாளின் கதையையும் முதல் பக்கத்திலேயே எழுதினார். அதை எடுத்துவிடச் சொன்னவர்கள் இருந்தார்கள். அவர் எடுக்கவில்லை.

சென்னையில் நர்சுகள் கூட்டத்தில் அதை வாசித்தபோது என்னையும் கூட்டிப்போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தெற்கத்தி நர்ஸ் ஒருவர் எழுந்து, “எங்க ஊர்ல எல்லாத்துக்கும் வலின்னுதான் சொல்லுவோம், அப்ப நாங்க என்ன செய்யணும்?” என்று கேட்டார்.

“நோவுன்னு மாத்திக்காதீங்க” என்றார் சிஸ்டர். “உங்க வார்டுல போய்க் கேட்டுட்டு எழுதுங்க.”

இன்று எங்கள் வார்டில் இருபத்து நான்கு மடிப்புத் துணிகள் இருக்கின்றன. ஆபரேஷனுக்கு முன்பே ஒவ்வொரு பெண்ணுக்கும் அதை வைத்து அழுத்தக் காட்டிக்கொடுக்கிறார்கள். இரண்டாம் நாள் ஊசி தொடர்கிறது. தாளில் எண்ணுக்கு மேலே, அந்தப் பெண் சொன்ன சொல்லை எழுத ஒரு கோடு விட்டிருக்கிறார்கள். சுகிர்தா சிஸ்டருக்குப் பதவி உயர்வு வரவில்லை. அதே வார்டில் அதே வேலை பார்க்கிறார்.