எட்டு நடக்குது

தமிழில் கர்ப்பத்துக்கு இரண்டு கணக்கு. முடிந்த மாதம் ஒன்று, நடக்கிற மாதம் ஒன்று. ஏழு முடிந்துவிட்டால் எட்டு நடக்கும். டாக்டர் முடிந்ததைச் சொல்வார். வீட்டில் நடப்பதைச் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு மாதத்துக்குள் போட்டு என் தங்கச்சி மகளை உயிரோடு புதைக்கப் பார்த்தார்கள். கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் அன்றைக்கு என்னோடு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருக்க வேண்டும்.

கல்யாணமாகிப் பல வருஷம் காத்துக் கிடந்து உண்டான பிள்ளை. பிரசவத்துக்கென்று திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வந்த சில நாளிலேயே தங்கச்சிக்குப் பனிக்குடம் உடைந்தது. இரண்டு மாதம் முந்திக்கொண்டு பிறந்துவிட்டாள் மகள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூக்கில் குழாய். தோல் அத்தனை மெல்லிசு. உள்ளே ஓடிய ரத்தம்தான் அவள் நிறம். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே ஒரு குழி விழுந்து நிமிரும். உள்ளங்கையில் ரேகை ஓடியாகிவிட்டது, நகம் முளைத்தாகிவிட்டது, முதுகில் பூனைமயிர் படர்ந்திருந்தது. சதை வைக்க மட்டும்தான் நேரம் கிடைக்கவில்லை அவளுக்கு.

நெய்க்காரப்பட்டியிலிருந்து தங்கச்சியின் மாமியார் போன் செய்தார்.

"ஏனுங்க தம்பி, எட்டு நடக்கையில பொறந்துருச்சுங்களா?"

"ஏழு முடிஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்னாருங்க."

"அப்ப எட்டுதானுங்களே. ஏழுன்னாலும் பொழச்சுக்குமுங்க. எட்டு நிக்காதுங்க. மனசத் தேத்திக்கோங்க. தாய்மாமன்னு சொல்லித் தொட்டில் கிட்டில் வாங்கிப் போட்டுறாதீங்க."

வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க'. அரிவாளுக்குப் பூச்சுற்றி நீட்டுவது போல அந்த மரியாதை. நான் வாயைத் திறப்பதற்குள் என் அம்மா போனைப் பிடுங்கினாள்.

"ஏன் சம்பந்தி, எட்டு இப்பத்தான பொறந்துருக்கு? முழுசா ஏழுல இருந்த பிள்ளைய எட்டுங்கறீக. இது என்ன ஞாயம்? நம்ம பிள்ளை ஏழு மாசப் பிள்ளைதான்!"

மாமியார் மேல் வந்த கோபத்தைவிட அம்மா மேல் வந்த கோபம் பெரிது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிக்குப் பேரம் பேசுவது மாதிரி, எட்டை ஏழாகக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள். அந்த எண்ணைத் தூக்கிச் சாக்கடையில் எறியத் தோன்றவில்லை அவளுக்கு. வயலில் ஒரு வாரம் கூடுதலாக நின்ற கதிரைப் பதர் என்று சொல்வார்களா இந்த இரண்டு விவசாயக் குடும்பங்களும்? நெல்லுக்கு ஒரு நியாயம், வயிற்றுப் பிள்ளைக்கு வேறு நியாயமா? மாப்பிள்ளையைப் பிடித்துக் கேட்டேன். டீ கிளாசைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: "அம்மா சொன்னா ஏதாச்சும் இருக்குமுங்க மச்சான்."

இருந்தது. என்ன இருந்தது என்றால், அந்தச் சொல் தங்கச்சியின் காதுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பாலைப் பீச்சிக் கொடுத்தாள். பெட்டிப் பக்கம் மட்டும் போகமாட்டேன் என்றாள். பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொள், உன் சூடு பட்டால் தேறும் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"ஏக்கா, உள்ள கெடக்குறது உன் பிள்ளையா, அடுத்த வீட்டுப் பிள்ளையா?" என்று கேட்டுவிட்டுப் போனார் நர்ஸ்.

"தொட்டுட்டா விட முடியாதுண்ணே," என்றாள் தங்கச்சி என்னிடம். "எப்படியும் போகப்போற பிள்ளைன்னு சொல்றாக. மொகத்தப் பாக்காம இருந்துட்டாத் தாங்கிக்குவேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பச்சை உடம்புக்காரியிடம் கத்தக்கூடாது என்பதெல்லாம் நினைவில் இல்லை.

"ஏத்தா, அவளுக்குக் காது கேக்கும். வயித்துக்குள்ள இருந்தப்பவே உன் சத்தத்தக் கேட்டவ. நீ சிரிச்சது, இருமுனது, என்னையத் திட்டுனது, அம்புட்டும் கேட்டவ. வெளிய வந்ததுலருந்து மிஷின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டுக் கெடக்கா. எங்கடா போனா நம்ம ஆத்தான்னு தேட மாட்டாளா?"

சுவரை விட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு கட்டிலைப் பிடித்து எழுந்தாள். நான் தாங்கப் போன கையைத் தட்டிவிட்டாள். நல்லது, கோபம் அவளுக்கும் வந்துவிட்டது.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். குழாயோடு அந்தப் பொடி உடம்பைத் தூக்கி அவள் நெஞ்சில் கவிழ்த்து, மேலே துணியைச் சுற்றினார்கள். தவளைக்குஞ்சு ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. தங்கச்சியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. தாலாட்டா, வசவா, யாரைப் பற்றிய புகாரா, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

பிள்ளை பிழைத்தாள். குழாய் போய்ப் பால் புகட்டும் பாலாடை வந்தது, பாலாடை போய் முலை வந்தது, கன்னத்தில் சதை வந்தது. இத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

ஆறு மாதம் ஆனபோது நெய்க்காரப்பட்டிக்குக் கூட்டிப் போனோம். மாமியார் பாயை விரித்துப் பேத்தியைப் போட்டார். மல்லாந்து கிடந்து விட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள் அவள்.

"ஆறு மாசமாச்சுங்க. இன்னும் குப்புற விழலீங்களே தம்பி. மூளையில கோளாறு எதாச்சும் இருக்குமுங்களா?"

முந்திப் பிறந்த பிள்ளைக்கு அந்த இரண்டு மாதத்தைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும், இப்போது நாலு மாதப் பிள்ளையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மாமியார் சிரித்தார்.

"வயசக் கழிக்கிற கணக்கு எங்க ஊர்ல இல்லீங்க."

தங்கச்சி சமையல்கட்டிலிருந்து வந்தாள். "வயித்துல இருந்ததுக்கு ஒரு மாசத்தக் கூட்டிச் சாகச் சொன்னீங்களே அத்தை. அந்தக் கணக்கு மட்டும் இருந்துச்சாக்கும்?"

மாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரு விசில் அடித்தது. அப்படிக் கேளு ஆத்தா என்று சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில், ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றுவிட்டது. தங்கச்சி பிள்ளையை மடியில் குப்புறக் கவிழ்த்தாள். தலையைத் தூக்குகிறாளா என்று குனிந்து பார்த்தாள். தூக்கினாள். தங்கச்சி அவளை மல்லாக்கத் திருப்பினாள், மறுபடி கவிழ்த்தாள். பிள்ளை சிணுங்கி, முகம் சிவந்து, வீறிட்டது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"விடுத்தா, அழுகுறா," என்றேன்.

"இன்னொரு தரம் பாத்துக்கறேண்ணே," என்றாள்.