வெந்நீருக்கு ஒரு புளியங்கட்டை

எங்கள் வீட்டில் கேஸ் இருந்தது. வாளிக்குள் போட்டுத் தண்ணீர் காய வைக்கும் கரண்ட் ராடும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு, அம்மாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில் தெருவே வேடிக்கை பார்க்கும்படி ஒரு விறகுக் கட்டையோடு மல்லுக்கட்டினோம். எல்லாம் அத்தையால் வந்தது.

அம்மா பெரியாஸ்பத்திரியில் தம்பியைப் பெற்றுக்கொண்டு முதலியார்பேட்டை வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு யாரும் இல்லை. அதனால் தண்ணீர் ஊற்ற அப்பாவின் அக்கா வில்லியனூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். "கேஸ்ல காஞ்ச தண்ணி உடம்பு வலிய எடுக்காது" என்று செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள். அத்தை சொன்னால் சொன்னதுதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா தலைக்குக் குளித்து வந்த பிறகுதான் தம்பியை என் மடியில் வைப்பார்களாம். அதுவரை எட்ட நின்றுதான் பார்க்க வேண்டும். தொட்டால் கை அழுக்கு என்றார்கள், கிட்டே போனால் சளி என்றார்கள். இன்றைக்காவது சீக்கிரம் குளித்துத் தொலைக்க மாட்டார்களா என்றிருந்தது.

ஐப்பசி மழையில் விறகுக்கடைச் சவுக்கெல்லாம் ஊறிப்போயிருந்தது. வீட்டில் காய்ந்து கிடந்தது ஒன்றே ஒன்றுதான். குளியலறைக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் ஒரு புளியங்கட்டை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது அங்கேயேதான் கிடந்தது. பொங்கலுக்குக்கூட அதைத் தொடமாட்டார்கள். பூனை குட்டி போடுவதற்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

"அத எடுத்துப் பொள" என்றாள் அத்தை.

அப்பா நகரவில்லை. "அது வேணாம்க்கா. நான் வேற எங்கனா பாத்து வாங்கியாறேன்" என்றார்.

"இந்த மழையில எங்கடா போயி வாங்குவ? அதான் கெடக்குதில்ல."

அப்பா அம்மா படுத்திருந்த அறைப் பக்கம் பார்த்தார். "அண்ணி சொல்றத செய்யுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஒரு கட்டையைப் பிளக்க இவ்வளவு பேச்சா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா கோடாலியை எடுத்து, மொக்கையாக இருக்கிறது என்று தீட்டினார். டீ குடித்தார். மழை நிற்கட்டும் என்றார். பிறகு போட்டார் பாருங்கள், அந்த அடியில் எறும்புக்குக்கூட வலித்திருக்காது. பெரிய மார்க்கெட்டில் நாள் முழுக்க மூட்டை தூக்குகிற மனிதர், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்போலக் கோடாலியைத் தூக்கினார். அது கட்டையில் பட்டுப் பட்டுத் துள்ளித் திரும்பியது.

அடுத்து எதிர்வீட்டு சொல்தா தாத்தா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். ஆப்பிரிக்காவில் தான் மரம் பிளந்த கதையை முதலில் சொன்னார். அது முடிவதற்குள் உள்ளே தம்பி இரண்டு தூக்கம் தூங்கி எழுந்துவிட்டான். பிறகு ஓங்கி ஒரே போடு. கட்டை அப்படியே இருந்தது, கோடாலிக் காம்பு முறிந்தது.

"பாத்தியாக்கா, விட்டுடலாம்" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படி ஒரு சோம்பேறி அப்பாவா என்று ஆத்திரமாக இருந்தது.

அத்தை மழையில் இறங்கிப் போய், யார் வீட்டிலோ ஒரு கோடாலி வாங்கி வந்தாள். சேலையை வரிந்து கட்டினாள். கட்டையை நிமிர்த்தி நிறுத்தி, தலைப்பகுதியை விரலால் தடவித் தடவி ஒரு மெல்லிய வெடிப்பைக் கண்டுபிடித்தாள். அதன் மேலேயே போட்டாள். மறுபடியும் அதன் மேலேயே. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"குடுக்கா, நான் போடறேன்."

"நீ போட்ட லட்சணத்ததான் பாத்தேனே. தள்ளு."

வெகுநேரம் கழித்து அது படீரென்று வாயைப் பிளந்தது. உள்ளே பழம்புளியின் நிறம். நான் கைதட்டினேன். அப்பா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுப்புக்குச் செங்கல் அடுக்கப் போய்விட்டார்.

அது எரிந்த அழகைச் சொல்ல வேண்டும். புகையில்லை, ஊதவும் வேண்டியதில்லை. காலையெல்லாம் எங்களைப் படுத்திய சனியன் அண்டாவுக்கு அடியில் தகதகவென்று எரிவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு நிறைந்தது. "நல்லா வேணும்" என்று அதனிடமே சொன்னேன்.

அத்தை நொச்சித்தழை போட்டுக் காய்ந்த தண்ணீரைப் பெரிய சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினாள். அம்மா முகம் சிவக்க வந்து உட்கார்ந்து, தம்பியை முதலில் அத்தையிடம் நீட்டினாள். "வாங்குங்க அண்ணி."

"கை ஈரமா இருக்குது. அவகிட்ட குடு" என்றாள் அத்தை.

அப்படித்தான் தம்பி என் மடிக்கு வந்தான். அத்தை அடுப்புக்கே திரும்பிப் போய் மிச்சக் கட்டைகளையும் உள்ளே தள்ளினாள். "தண்ணிதான் காஞ்சிடுச்சே அத்தை, அணைச்சா கரியாவது மிஞ்சுமில்ல" என்று நான் இருந்த இடத்திலிருந்தே கத்தினேன். "எரியட்டும் பாப்பா" என்றாள். எல்லாம் சாம்பலாகும்வரை அங்கேயே குந்தியிருந்தாள்.

போன வருஷம் நான் பிள்ளை பெற்று வந்தபோது அம்மா கேஸில்தான் வெந்நீர் போட்டாள். அத்தைக்குத் தெரிந்தால் திட்டும் என்று சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அந்தப் புளியங்கட்டை, அத்தை தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அவளுக்குத் தண்ணீர் காய வைக்க அப்பா வாங்கிப் போட்டது என்றாள். அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பினாள். அதன் பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. கட்டையைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை.

அவ்வளவு பெரிய நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்குக் கை ஈரம் காய எத்தனை நேரம் ஆகும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அத்தை வந்து கேட்டால் தரக்கூடாது என்று தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவே இல்லை. எனக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று.