சாலையில் படுத்த காளையும் என் வலைப்பதிவும்

வலைப்பதிவு எழுதுவது எங்கள் ஊரில் பரவத் தொடங்கியிருந்த சமயம். கோரிப்பாளையத்தில் என் கல்லூரித் தோழி தன் கணவரோடு ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திவந்தாள். நான் அலங்காநல்லூர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே அவள் கடைக்குத்தான் போவேன்.

அவளும் ஒரு வலைப்பதிவு எழுதினாள். "எங்க தெருவுல கரண்டு போனாத்தான் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிருவோம்" என்று ஒரு பதிவைத் தொடங்கியிருந்தாள். படித்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலவே இருந்தது. வருகிறவர்களுக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, இடையில் கிடைக்கும் நேரத்தில் இப்படி எழுத முடிகிறதே என்று வியந்துபோவேன்.

எனக்கும் ஆசை வந்து ஒன்று தொடங்கினேன். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அதனாலேயே என் தமிழில் யாரும் குறை கண்டுவிடக் கூடாதென்று ஒரு பிடிவாதம். 'செங்கதிரோன் மேற்றிசையில் மறையும் வேளையிலே' என்றெல்லாம் எழுதினேன். தோழியின் கணவர் மட்டும் ஒவ்வொரு பதிவிலும் தவறாமல் 'அருமை' என்று பின்னூட்டம் போடுவார்.

ஒருநாள் நான் வந்த பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. ஜல்லிக்கட்டுக் காளை ஒன்று ரோட்டில் குறுக்கே படுத்திருந்தது. டிரைவர் ஹாரனை அழுத்தினார், கண்டக்டர் இறங்கிக் கத்தினார். அது காதைக்கூட ஆட்டவில்லை. காளையை வளர்க்கும் பெண் ஓடிவந்து அதன் நெற்றியைத் தடவினார். "எந்திரி ராசா. பஸ்ல டீச்சரெல்லாம் போறாக. அம்புட்டுப் பேரும் வீட்டுக்குப் போயி உலை வைக்க வேணாமா?" காளை எழுந்து நடந்தது. "நாங்க கத்துனது அதுக்குக் கேக்கலையாக்கும்" என்றார் கண்டக்டர்.

இதைச் சொன்னபோது தோழி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மறுநாளே பதிவாக எழுதினேன். தலைப்பு, 'தமிழர்தம் வீரமும் காளையும்'. படித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"காளை எங்கடி?"

"ரெண்டாவது பத்தியில இருக்கே."

"அது வீரத்தின் சின்னம். ரோட்டுல படுத்துக் கெடந்த காளை எங்க? உலை வைக்கணும்னு சொன்ன அக்கா எங்க?"

"அதையெல்லாம் எழுதுனா, வேற பாஷைக்காரி, தமிழ் தெரியலைன்னு நெனச்சிருவாங்க."

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. "நீ எங்கிட்டப் பேசுறது என்ன பாஷை புள்ள? சரி, உங்கம்மாகிட்ட இதைச் சொன்னியா?"

"சொன்னேன். 'பாவம், அதுக்குக் கால் வலிச்சிருக்கும்'னாங்க, எங்க பாஷையில."

"அதையும் அப்படியே எழுது. இங்க வந்து உக்காரு."

தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, நின்றபடியே கடையைப் பார்த்துக்கொண்டாள். அவளிடம் சொன்னதுபோலவே எழுதினேன். அம்மாவின் வாக்கியத்தைச் சௌராஷ்டிரத்திலேயே, தமிழ் எழுத்தில் போட்டுப் பக்கத்தில் பொருள் சொன்னேன். ஒரு சொல்லைக்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் நான் கடைக்குள் நுழைந்தபோது, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி அவள் பின்னூட்டங்களை வாசித்துக்கொண்டிருந்தாள். துபாயிலிருந்து ஒருவர், ஊர் பஸ்ஸில் ஏறியதுபோல இருக்கிறது என்று எழுதியிருந்தார். சேலத்துப் பெண் ஒருத்தி, நம் சௌராஷ்டிர பாஷையை முதன்முறையாகக் கம்ப்யூட்டரில் படித்தேன் என்று எழுதியிருந்தாள். தன் பதிவுகளுக்கு வந்த பாராட்டு எதையும் தோழி இப்படி உரக்க வாசித்து நான் கேட்டதே இல்லை.