பிரேக் அக்கா சட்டம் படிக்கப் போகிறார்

“கிளட்ச்ல காலைக் குடி வெச்சிட்டீங்களா சார்? எடுங்க!”

சொல்லிக்கொண்டே தன் பக்கத்துப் பிரேக்கை ஒரு மிதி மிதிக்கிறார். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவருடைய வலது கால் சதா அதன் மேலேயே இருக்கும். அதனால் ஊருக்கே அவர் பிரேக் அக்கா. என்னைவிட நாலைந்து வயது சின்னவர்தான். ஆனாலும் வண்டியில் ஏறிவிட்டால் எனக்கும் அக்காதான்.

யாராவது “முடியாது” என்றால் போதும், அக்காவுக்கு நாக்கு துறுதுறுக்கும். “எங்க எழுதியிருக்கு? காட்டுங்க.” வங்கியில் கேட்பார், மருத்துவமனை வாசலில் கேட்பார். பாதி நேரம் அது எழுதித்தான் இருக்கும். தலைக்கு மேலேயே பலகை தொங்கும். அக்கா அசரமாட்டார். “சரி, யாரு எழுதினது?”

இந்த வாயோடுதான் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறார். “நான் கேட்டா வாயாடி. கறுப்புக் கோட்டு போட்டவங்க கேட்டா வாதம். கோட்டுதானே வித்தியாசம்? வாங்கிட்டாப் போச்சு.”

சேர்க்கை முறையை எனக்குக் கியர் கணக்கில்தான் விளக்கினார். “நுழைவுத் தேர்வு ஃபர்ஸ்ட் கியர். வண்டியை நகத்தும், அவ்வளவுதான். ‘ஏன் சட்டம் படிக்கணும்’னு ஒரு கட்டுரை கேப்பாங்க, அது செகண்ட். நேர்காணல் தேர்ட். போன வருஷம் செகண்ட்லயே திணறி, காத்திருப்போர் பட்டியல்ல நின்னுட்டேன்.” அந்தப் பட்டியல் கடைசிவரை நகரவில்லை. ராத்திரி ராத்திரியாகப் படித்து வாங்கிய தேர்வு மதிப்பெண்ணும் இந்த ஆண்டோடு காலாவதி.

தெருமுனையில் சேர்க்கை ஆலோசனை நிலையம் நடத்தும் தம்பி, அக்காவிடம் ஓட்டக் கற்றவர். கட்டுரையைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “வீட்டுக்காரர் விட்டுட்டுப் போனதை எழுதுங்கக்கா. கைக்குழந்தையோட நின்னதை எழுதுங்க. படிக்கிறவங்க கண்ணு கலங்கணும். சீட்டு நிச்சயம்.” அக்காவின் மகளும் ஒத்து ஊதினாள். “எழுதேம்மா, நடந்ததுதானே?”

நடந்ததுதான். ஆனால் அக்கா மசியவில்லை. “அந்தாளு ஓடிப்போனது அந்தாளு சாதனை. அதுக்கு எனக்கு எதுக்கு மார்க்கு?”

அவர் எழுதியது வேறு கதை. ஓட்டுநர் தேர்வில் அவருடைய மாணவி ஒருத்தியை, “பயந்த சுபாவம்” என்று மட்டும் குறித்து ஃபெயிலாக்கிவிட்டார்கள். அப்படி ஒரு விதியைக் காட்டினால்தான் நகர்வேன் என்று அக்கா ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஜன்னல் முன்னாடியே நின்றார். வேறு வழியில்லாமல் மறுதேர்வு வைத்தார்கள். “அதுலயும் அவ ஃபெயிலு சார். ஆனா இந்தத் தடவை காரணத்தோட ஃபெயிலு.” இதைச் சொல்லும்போது அக்கா முகத்தில் அப்படியொரு வெற்றிக் களை.

எனக்கென்னவோ ஆலோசகர் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. உப்புப் பெறாத சோகத்தையெல்லாம் ஊரே விற்றுக் காசாக்குகிறது, உங்களிடம் அசல் சரக்கே இருக்கிறதே என்று சொல்லியும் பார்த்தேன்.

“கண்ணாடியைப் பாத்து ஓட்டுங்க” என்றார்.

அந்தக் கட்டுரைக்கே நேர்காணல் அழைப்பு வந்தது. அன்று பயிற்சி வண்டியை நான்தான் ஓட்டிப் போனேன். வெளியே வந்தவர் ஏறி உட்கார்ந்தார். ரெண்டு தெரு தாண்டியதும் ஆரம்பித்தார்.

“நடுவுல உக்காந்திருந்தவர், ‘கணவர் பத்தி ஒண்ணுமே எழுதலையே, வீட்ல என்ன பிரச்சினை’ன்னார். ‘இதை எல்லார்கிட்டயும் கேக்கறீங்களா, இல்ல என்கிட்ட மட்டுமா’ன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னாரு?”

“பேனாவை மூடி வெச்சிட்டாரு.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அக்கா மேலா, அந்தப் பேனா மேலா, தெரியவில்லை.

அப்போதுதான் ஆலோசகர் கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சொன்னார்.

“கெடுத்தீங்களே! பரவால்ல, சாயங்காலம் வரைக்கும் கூடுதல் கடிதம் அனுப்பலாம். வீட்டுக்காரர் விஷயத்தை நானே ஒரு பக்கம் எழுதி ரெடியா வெச்சிருக்கேன். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அனுப்பிடறேன்.”

அக்கா போனையே பார்த்தார். சரி என்று சொல்லிவிடுவார் என நினைத்து நான் வேகத்தைக் குறைத்தேன்.

“எதுக்கு சார் ஸ்லோ பண்றீங்க? ரோடு காலியாத்தானே கிடக்கு?” என்றவர் போன் பக்கம் திரும்பினார். “தம்பி, அதைக் கிழிச்சுப் போடு.”

“சீட்டு போயிடும்க்கா.”

“போனா மறுபடி ஃபர்ஸ்ட் கியர்லேர்ந்து வர்றேன். வரக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?”

போனை அணைத்துப் பைக்குள் போட்டார். “தேர்டு போடுங்க சார்.”

போட்டேன். வண்டி சீராகப் போனது. ஓரக்கண்ணால் கீழே பார்த்தேன். அந்த வலது கால் பிரேக்கின் மேல் இல்லை.