தேவகியின் முறைக்குக் காத்திருக்கும் நீலம்

பழவேற்காடு மீன் ஏலத்தில் நின்று, நான் பிடித்த நண்டு ஒன்று படகையே சுண்ணாம்புக்குளம் வரை இழுத்துப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொன்னேரி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கேட்டுவிட்டு, "நம்ம தேவகி பூட்டாப்பா" என்றேன். "இன்னா மாமா, இதுலயுமா அள்ளிவுடுவ?" என்று சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அடங்கினார்கள்.

தேவகி என் அக்கா மகள். அவளிடம் படம் வரையக் கற்ற உங்களுக்கு அவளை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காய்ச்சல் என்று போனவள் திரும்பவில்லை.

போன கோடை லீவில் மட்டக்களப்புப் பக்கம் ஒரு அநாதைப் பிள்ளைகள் இல்லத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கத் தொண்டாகப் போனாள். துணைக்கு நான். விமானம் கடல்மேல் குலுங்கியபோது, காற்று எந்தப் பக்கம் என்று பைலட்டே என்னிடம் ஆள் அனுப்பிக் கேட்டார். "மாமா, அது தண்ணி குடுக்க வந்த பொண்ணு" என்று தேவகி சொன்னாள். இருக்கட்டும்.

அங்கே முதல் நாளே நீல வண்ணத்துக்கு அடிதடி. எல்லாப் பிள்ளைக்கும் கடல்தான் வரைய வேண்டும். தேவகி எங்கள் ஊர் வழக்கத்தைக் கொண்டுவந்தாள். எங்கள் ஏரியில் வலை போடும் இடம் பாடு. குலுக்கிப்போட்டு, யார் பெயர் வருகிறதோ அவருக்கே அன்றைய முறை. இவள் ஆளுக்கொரு வலை மிதப்பைக் கொடுத்து, "அவங்கவங்க அடையாளத்த வரைங்க. பானையில போட்டு எடுப்போம். வர்றவங்களுக்கு இன்னைக்கு நீலம்" என்றாள்.

நான் அவள் காதைக் கடித்தேன்: "நம்மூர்ல அப்பன் வழியாத்தானே பாடு உரிமை வரும்? இதுங்களுக்கு ஏதுடி அப்பன்?"

"இங்க மிதப்புக்கு வண்ணம் பூசினவங்க எல்லாரும் பாடு உள்ளவங்கதான், மாமா."

சுகந்தி என்றொரு சிறுமி. வந்து போகிறவர்களின் பெயரைக் கேட்பதையே விட்டுவிட்ட பிள்ளை என்று வார்டன் அம்மா சொல்லியிருந்தார். அவள்தான் கேட்டாள்: "டீச்சர், உங்கட மிதப்பு எங்க?" தேவகி ஒரு பூநாரையை வரைந்து பானையில் போட்டாள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

திரும்பும்போது விமான நிலையத்தில் சட்டென்று நின்றாள். "மாமா, என் மிதப்ப எடுக்காம வந்துட்டேன்."

"போனா போவுது, ஒரு தக்கைதானே?"

"பானையில கிடந்தா முறை உண்டு, மாமா. புள்ளைங்க காத்துக்கினு இருக்கும்." வழியெல்லாம் அடுத்த லீவுக்குக் கட்டாயம் போக வேண்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காரியம் முடிந்த மறுவாரம் என்னிடம் இருந்த அவள் போன் அடித்தது. சுகந்தி. "டீச்சர்ட முறை வந்திட்டு. நீலத்த ஒருத்தரும் தொடல்ல. டீச்சர் எப்ப வருவா?"

வாய்க்கு வந்ததைச் சொல்லி எத்தனையோ பேரைச் சமாளித்தவன் நான். டீச்சர் டெல்லி போயிருக்கிறாள், விருது வாங்கப் போயிருக்கிறாள் என்று நாக்கு நுனிவரை வந்தது. பெயர் கேட்பதை விட்டிருந்த பிள்ளை, இவளை நம்பி நீலத்தை மூடி வைத்திருக்கிறது. உள்ளதைச் சொன்னேன்.

"அப்ப டீச்சர்ட முறை?" என்றாள்.

எங்கள் ஏரியில் ஆள் போனால் முறை போகாது. அந்த வீட்டிலிருந்து ஒருவர் போய் வலையை இறக்க வேண்டும்.

"நான் வர்றேன்மா" என்றேன்.

"உங்களுக்குப் படம் கீறத் தெரியுமா?"

"தெரியாதும்மா." இந்த வார்த்தையை என் வாயிலிருந்து கேட்டவர்கள் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள்.

தேவகியின் தூரிகைகளை அக்கா என்னிடம் கொடுத்துவிட்டாள். தேவகியிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தவை அவையும், பானையில் அவள் விட்டுவந்த அந்த முறையும்தான். லீவு விட்டதும் போகிறேன்.