முதல் பஸ் மேலே ஏறிய சாயங்காலம்

இன்று வேலைக்குப் போகையில், சென்னை சிக்னலில் ஒரு பழைய பஸ் கக்கிய டீசல் புகை என்னை ஜவ்வாது மலைக்குக் கொண்டுபோய் விட்டது.

அம்மாவும் ஊர்ப் பெண்களும் சந்தவாசல் அரிசி மில் வேலைக்கு இருட்டோடு இறங்கி, தலையெல்லாம் தவிடு படிய, ஒற்றையடிப் பாதையில் பேசிக்கொண்டே ஏறி வருவார்கள். ஒருநாள் சாயங்காலம் சோதனைக்காக மலைக்கு ஒரு பஸ் விட்டார்கள். ஊர் வரை ஏறினால்தான் தினமும் வருமாம்.

அம்மாவோடு நானும் அதில் வந்தேன். செங்குத்தான வளைவில் பஸ் உறுமி நின்றது. "அல்லாரும் இறங்குங்கம்மா, பாரம் கொறஞ்சா ஏறிடும்" என்றார் டிரைவர். இறங்கிய நாங்கள் பழக்கத்தில் ஒற்றையடிப் பாதையில் திரும்பி, பேசியபடியே நடந்து ஊருக்கே வந்துவிட்டோம். அப்போதுதான் பஸ் நினைவு வந்தது. கீழே இன்ஜின் சத்தம் தேய்வதும், அடங்குவதும், மறுபடி எழுவதுமாக இருக்க, எல்லாரும் வளைவையே எட்டிப் பார்த்தோம்.

கடைசியில் பஸ்ஸின் வெளிச்சம் மேலேறி வந்தது.

"இன்னாம்மா, பஸ்ஸ வுட்டுட்டு நடந்தே வந்துட்டீங்க?" என்றார் டிரைவர்.

"காலு கேக்கலீங்க" என்றாள் அம்மா.

எல்லாரும் சிரித்தபடி மறுபடி ஏறி உட்கார்ந்தார்கள்.

"அதான் வூடு வந்துடுச்சே?"

"டிக்கெட்டு வாங்கிட்டோமில்ல, செத்த குந்திட்டுப் போறோம்."

மறுநாள் காலை அம்மா வாரிய தலை கலையாமல் பஸ்ஸில் வேலைக்குப் போனாள்.